பிழை எண் நாற்பத்தொன்று

விளையாட்டு என்று பெயர் வைத்தால் அதில் கொஞ்சம் ஓட்டமாவது இருக்க வேண்டும், சத்தமாவது இருக்க வேண்டும். மகள் அனுப்பியிருந்த விளையாட்டில் இரண்டும் இல்லை. கறுப்புத் திரை, அதில் நாலு வரி எழுத்து, அதற்குக் கீழே மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு. சாப்பாட்டு மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில், அந்தக் கோட்டுக்கு முன்னால் அவள் அப்பா ஸ்டோர் சார் கையைக் கட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

முன்னறையில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை ஒன்றுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. தெருவுக்கே அவள் டெய்லரம்மா. எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ஏதாவது நடக்குமா, நடக்காதா?"

"அது ஆரம்பிக்கட்டும்னு பாத்துட்டிருக்கேன்."

"அது நீங்க ஆரம்பிப்பீங்கன்னு பாத்துட்டிருக்கு. அவ எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா இல்லையா?"

படித்திருந்தார். அச்செடுத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார். "அப்பா, இது நான் எழுதின விளையாட்டு. படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். என்ன செய்யணுமோ அதை ரெண்டு வார்த்தையில டைப் பண்ணுங்க. பெட்டியைத் திற, வடக்கே போ, விளக்கை எடு, இப்படி. சுத்தி என்ன இருக்குன்னு தெரியணும்னா 'பார்'. உங்க கையில என்ன இருக்குன்னு தெரியணும்னா 'கையிருப்பு'. எங்கயாவது தப்பான பதில் வந்தா எழுதி அனுப்புங்க. குறை கண்டுபிடிக்க உங்களை விட்டா எனக்கு ஆள் ஏது?"

கடைசி வரி பாராட்டா குத்தலா என்று அவருக்குத் தெரியவில்லை. டெய்லரம்மாவுக்குத் தெரியும், இரண்டும்தான்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். மகள் வேறு ஊரில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் வடகோடியில் ஒரு பனித்தீவில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு இரண்டு வருட வேலை வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை கப்பல். குரல் எட்டாது, படம் வராது, எழுத்துச் செய்தி மட்டும் போய் வரும். வீட்டுக்கு வந்து இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "போகட்டுமாப்பா?" என்று கேட்டாள். மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேண்டாம்மா. உனக்கு அது சரிப்படாது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்காமல் போகவும் அவளுக்கு மனசில்லை. பையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுவாள், அப்பாவிடம் "சாப்டீங்களா?" என்பதோடு சரி.

இந்த வருடம் அதே வேலை மறுபடி வந்திருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் சரி, இல்லை என்று சொல்லியாக வேண்டும். இதை அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "மறுபடியும் வாயைத் திறந்து கேட்டு, மறுபடியும் அதே பதிலை வாங்கிக்க என்னால முடியாதும்மா. அப்பா இதை விளையாடட்டும். உள்ள ஒரு இடம் இருக்கு, அங்க வந்தா அவருக்கே புரியும். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது." டெய்லரம்மாவுக்கு ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்திருப்பது என்பது வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு தூங்குவது மாதிரி. ஆனாலும் மகளுக்காகச் சரி என்று தலையாட்டினாள்.

அந்த இடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தால்தானே புரிவதற்கு! போகிற வழியாகத் தெரியவில்லை.

ஸ்டோர் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். பஸ் பணிமனையில் உதிரிபாகங்கள் இருக்கும் ஸ்டோருக்கு அவர்தான் முப்பது வருடமாகப் பொறுப்பு. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் முகப்பிலும் உள்ளே இருக்கிற போல்ட்டில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவன் வந்தாலும் தடுமாறக்கூடாது என்பது அவர் எண்ணம். சாயந்தரம் பூட்டிவிட்டு பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். கேட் வரைக்கும் போவார். சந்தேகம் வந்து திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அதனால் மெக்கானிக்குகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பூட்டு. அவருக்கு அது தெரியும், கோபம் கிடையாது. பணிமனை மேலாளர் தன் காருக்கு ஒரு பல்பு கேட்டு வந்தபோது, சீட்டில் கையெழுத்து ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று மழையில் திருப்பி அனுப்பிய மனிதர். ஆனால் அதே மழையில் குடையையும் கொடுத்து அனுப்பினார், அதற்குச் சீட்டு கேட்கவில்லை என்பதைப் பணிமனையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். சமையலறைச் சுவரில் கரண்டி மாட்டும் ஆணிக்குக் கீழே கரண்டியின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறார், சுத்தியலுக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று. எது இடத்தில் இல்லை என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் டெய்லரம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது அவளே பென்சில் எடுத்து வரைகிறாள்.

இப்படிப்பட்டவர் கையில் இந்த விளையாட்டு கிடைத்தது. கதை என்னவென்றால், பனி மூடிய மலை விடுதி ஒன்றில் நீங்கள் கண் விழிக்கிறீர்கள். ஆள் அரவம் இல்லை. எப்படியாவது வெளியே போய், தூரத்தில் தெரிகிற வெளிச்சத்தை அடைய வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவர் 'பார்' என்று ஒற்றை விரலால் தட்டிவிட்டு, நோட்டை எடுத்துப் பட்டியல் போட ஆரம்பித்தார். கட்டில் ஒன்று. போர்வை இரண்டு. ஜன்னல் ஒன்று, கண்ணாடியில் விரிசல். விளக்கு ஒன்று, நல்ல நிலை. 'விளக்கை எடு' என்றார். 'விளக்கைப் பார்' என்றார். அப்புறம் 'விளக்கை வை' என்று சொல்லி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, 'கதவைச் சாத்து' என்று வெளியே வந்தார். ஒவ்வொரு அறைக்கும் இதே மரியாதை. 'கையிருப்பு' என்று கேட்டால் திரையில் 'எதுவும் இல்லை' என்று வரும். அதைப் பார்த்து அவருக்கு ஒரு திருப்தி.

நிலவறைப் படியில்தான் மாட்டிக்கொண்டார். இருட்டு. 'கீழே போ' என்றார். 'படி தவறியது. நீங்கள் இறந்துவிட்டீர்கள். மறுபடி தொடங்கவா?' என்றது விளையாட்டு. மறுபடி தொடங்கினார், மறுபடி இறந்தார். இரண்டு நாளில் அதே படியில் ஏழு தடவை உயிரை விட்டார்.

"அந்த விளக்கைத் தூக்கிட்டுத்தான் போங்களேன்" என்றாள் டெய்லரம்மா. நாள் ஓடுகிற கவலை அவளுக்கு.

"அது அந்த ரூம் பொருள்மா. கேக்காம எப்படி எடுக்கறது?"

"யாரைக் கேக்கப் போறீங்க? அங்கதான் ஆளே இல்லையே!"

"ஆள் இல்லாத இடத்துல எடுத்தா அதுக்குப் பேர் வேற."

அவள் விடுவிடுவென்று உள்ளே போய், அலமாரியில் கிடந்த பழைய இண்டென்ட் சீட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். பணிமனையில் பொருள் வாங்க வருகிறவன் எழுதிக் கொடுக்கிற சீட்டு. "எழுதுங்க. கேக்கறவரும் நீங்களே, கொடுக்கறவரும் நீங்களே. ரெண்டு கையெழுத்தையும் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உண்மையாகவே எழுதினார். 'விளக்கு, ஒன்று, நிலவறைப் பயன்பாட்டுக்கு.' இரண்டு கையெழுத்தும் போட்டார். அன்றைக்கு நிலவறையில் இறங்கினார், உயிரோடு. அதற்கப்புறம் கயிறு, வாளி, ஏணி, துருப்பிடித்த சாவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. மேஜை ஓரத்தில் சீட்டுகள் குத்தூசியில் ஏறிக்கொண்டே போயின.

பிழைப் பட்டியலும் அப்படியே வளர்ந்தது. தினமும் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தால், மகளுக்கு எண் போட்டு எழுதி அனுப்பாமல் எழுந்திருக்க மாட்டார். 'பிழை எண் 3. சமையலறையில் கத்திகள் மூன்று என்று விவரம் சொல்கிறது. எடுத்துப் பார்த்தால் இரண்டுதான். ஒன்று எங்கே?' 'பிழை எண் 9. பூட்டிய கதவை மறுபடி பூட்டினால், பூட்டிவிட்டீர்கள் என்கிறது. ஏற்கெனவே பூட்டியிருக்கிறது என்றல்லவா சொல்ல வேண்டும்?' இப்படி ஒரு பிழையைக் கண்டுபிடிக்க, பூட்டிய கதவை மறுபடி பூட்டிப் பார்க்கிற ஆள் வேண்டும். 'பிழை எண் 17. வாளிக்குள் விளக்கை வைக்க முடிகிறது, சரி. ஏணியையும் வைக்க முடிகிறது. பன்னிரண்டு அடி ஏணி வாளிக்குள் எப்படிப் போகும்?'

மகளிடமிருந்து உடனே பதில் வந்தது. "அப்பா! ஏணி! இதுவரைக்கும் ஆபீஸ்ல நாலு பேர் பாதி வரைக்கும் விளையாடிட்டாங்க, ஒருத்தர் கண்லயும் படல. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. இன்னைக்கே சரி பண்ணிடறேன்." அதை டெய்லரம்மாவிடம் மூன்று தரம் படித்துக் காட்டினார். குரல் எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் பெண்ணோடு எதைப் பேசுவது என்று போன வருடம் டெய்லரம்மாவிடம் புலம்பிய மனிதர், இப்போது தினம் இரண்டு பக்கம் எழுதுகிறார். ஒரு வருடத்தில் பேசாததை ஒரு வாரத்தில் அப்பாவும் பெண்ணும் எழுதிவிட்டார்கள் என்று டெய்லரம்மாவுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம், நிலவறையின் கடைசிக் கதவைத் துருச்சாவியால் திறந்தார். திரையில் எழுத்து வந்தது.

'ஸ்டோர். கம்பி வலைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் கொக்கியில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்குகிறது. அது இல்லாமல் பனியில் பத்தடி நடக்க முடியாது.'

டெய்லரம்மா அவர் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுப் பக்கென்று சிரித்தாள். அவரும் சிரித்தார். கை தன்னால் நெற்றிக்குப் போய், அங்கே கண்ணாடி இல்லை என்று பார்த்துவிட்டு இறங்கியது. "குறும்புக்காரி" என்று சொல்லிக்கொண்டே, 'கோட்டைக் கேள்' என்று தட்டினார்.

'அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேண்டாம்மா. உனக்கு அது சரிப்படாது" என்கிறார்.'

டெய்லரம்மா மெதுவாகப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கிறவள் போல் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் அந்த வரியைப் பார்த்தபடியே இருந்தார். அப்புறம் வெளியே போய், கேட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டார். அன்றைக்குப் பிழைப் பட்டியல் போகவில்லை.

புதன்கிழமை மறுபடி உட்கார்ந்தார். அவர் விட்டுவிடுகிற ஆளா? சீட்டு எழுதி, 'சீட்டைக் கொடு' என்றார். மகளுக்கு அப்பாவைத் தெரியாதா, அதற்கும் பதில் எழுதி வைத்திருந்தாள். 'கையெழுத்தைப் பார்க்கிறார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சரிப்படாது" என்கிறார்.' விளக்கைக் கொடுத்துப் பார்த்தார், சாவியைக் கொடுத்துப் பார்த்தார். வாங்கி, துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டார் அந்த ஆள். 'கெஞ்சு' என்றார். 'அவர் கண்ணாடியைத் துடைக்கிறார்.' ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, 'அழு' என்று தட்டினார். 'அவர் வேறு பக்கம் பார்க்கிறார்.'

வியாழக்கிழமை காலையில் அவர் வேலைக்குப் போனதும் டெய்லரம்மாவே மேஜையில் போய் உட்கார்ந்தாள். சீட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம் என்று, 'கோட்டைத் திருடு' என்று தட்டினாள். 'முடியாது. அவர் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்' என்று வந்தது. அழுகையும் சிரிப்புமாக மகளுக்குப் போன் போட்டாள்.

"விடை என்னடி? நாளைக்குக் கடைசி நாள். நான் வேணா ஜாடையா சொல்லிடறேன்."

"விடை எழுதலம்மா."

"என்னது?"

"என்ன சொன்னா அப்பா கொடுப்பார்னு எனக்குத் தெரியல. ஒரு வருஷமா யோசிச்சுப் பாத்துட்டேன். எதை எழுதினாலும் பொய்யா இருக்கு. அவருக்காவது தெரியுமான்னுதான் அனுப்பினேன்."

டெய்லரம்மா போனை வைத்துவிட்டு அரை நாள் ஒரு தையல் போடவில்லை. இரண்டு பேர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது, இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

சாயந்தரம் ஸ்டோர் சார் வந்தார். முகம்கூடக் கழுவவில்லை. நேராக மேஜைக்குப் போய், 'கோட்டைக் கேள்' என்று தட்டினார். அதே பதில். இன்னொரு தரம் அதையே தட்டினார். அதே பதில். மூன்றாவது தரம் தட்டிவிட்டு, "தப்பு. இது தப்பு" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு இரண்டு கை விரல்களாலும் வேகமாக எழுத ஆரம்பித்தார். எழுதிவிட்டு, "நீ ஒரு தடவை படிச்சுப் பாரு, எழுத்துப் பிழை ஏதாவது இருக்கப்போகுது" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

'பிழை எண் 41. இடம்: ஸ்டோர். கோட்டை முதல் தடவை கேட்டால் மறுக்கிறார். சரி. இரண்டாவது தடவை கேட்டாலும் அதே பதில். இது தவறு. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், எந்த ஸ்டோர்கீப்பரும் முதல் தடவை இல்லை என்றுதான் சொல்வார். பாதிப் பேர் தேவையில்லாமல் கேட்பார்கள், இல்லை என்றதும் போய்விடுவார்கள். உண்மையில் தேவைப்படுகிறவன் திரும்ப வருவான். அவனுக்குக் கொடுத்துவிடுவோம். அவன் வருவான் என்று தெரிந்தால் முன்கூட்டியே எடுத்துத் துடைத்து, கவுண்டருக்கு அடியில் வைத்திருப்போம். இந்த ஆளும் கோட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டு ஒரு வருடமாகக் காத்திருக்கிறார். இரண்டாவது தடவை யாரும் வந்து கேட்கவில்லை. திருத்தவும்.'

டெய்லரம்மா படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை.

"ஒரு வருஷமா? ஒரு வருஷமா மனசுல சரின்னு வெச்சுக்கிட்டு வாயில பூட்டு போட்டுட்டு இருந்தீங்களா?"

"அவ திரும்பக் கேக்கலையேம்மா."

"எப்படிக் கேப்பா? நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்னு நம்பிட்டுப் போயிட்டா அவ. அவளுக்கு உங்க ஸ்டோர் சட்டம் தெரியுமா? அவ என்ன மெக்கானிக்கா, கவுண்டர்ல நின்னு ரெண்டாவது சீட்டு நீட்டறதுக்கு? நம்ம பொண்ணுங்க!"

"அந்த வேலைதான் போயிடுச்சே" என்றார் அவர்.

"போகல. திரும்ப வந்திருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும்." மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். கொடுத்த வாக்கு எக்கேடோ கெடட்டும் என்று ஆகிவிட்டது. "இப்ப இதை அனுப்பப் போறீங்க. அவ படிக்கணும், புரிஞ்சுக்கணும், தைரியம் வந்து உங்ககிட்டக் கேக்கணும், அப்புறம் நீங்க கவுண்டருக்கு அடியில இருந்து எடுத்துக் கொடுக்கணும். அதுக்குள்ள வெள்ளிக்கிழமை முடிஞ்சுடும்."

அவர் மேஜையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். குத்தூசியில் ஏறியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். பிறகு பட்டியலை அனுப்பாமல் அப்படியே விட்டுவிட்டு, போனை எடுத்து அவரே எண்ணை அழுத்தினார். மகளுக்கு அவர் தானாகப் போன் செய்து டெய்லரம்மா பார்த்ததில்லை. எப்போதும் இவள் பேசி முடித்துக் கையில் கொடுத்தால்தான் வாங்குவார். ஒலிபெருக்கிப் பொத்தானை அவள் கை நீட்டி அழுத்தினாள்.

"அப்பாவா? என்னப்பா, பிழை ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுது." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அந்த ஸ்டோர்ல இருக்கற ஆள்..."

"அதுக்கு இன்னும் விடை எழுதலப்பா."

"எழுத வேண்டாம். நீ அந்த ஆளைக் கேக்கவே வேண்டாம். அவன்தான் எழுந்து வெளிய வந்திருக்கணும்." டெய்லரம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டு வாம்மா. உனக்கு அது சரிப்படும்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் போன் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்கப்பா."

அவர் இன்னொரு தடவை சொன்னார்.